லாட்விய இலக்கியமும் அதன் மொழிபெயர்ப்பாளர்களும்

லாட்விய இலக்கியம் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் நாட்டுப்பாடல்களில்தான் தொடங்குவார்கள். 'தைனா' எனப்படும் குட்டிப் பாடல்கள், அவற்றை எழுதிய சீட்டுகளை அடுக்கி வைக்க 1880-இல் கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் செய்யச் சொன்ன 70 இழுப்பறை அலமாரி, பிறகு 1894 முதல் 1915 வரை வெளிவந்த தொகுதிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அசாத்தியமான உழைப்பு. அந்த அலமாரி இன்று ரீகாவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஆனால் நவீன இலக்கியத்தின் கதையை அங்கே தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த அலமாரிக்கு 24 ஆண்டுகள் முன்பு, 1856-இல், இன்று எஸ்தோனியாவில் இருக்கும் தார்த்து நகரத்தில் ஒரு மெலிந்த கவிதைப் புத்தகம் வந்தது. போட்டவர் யூரிஸ் அலுனான்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர். உள்ளே இருந்தவை பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள். என்னைக் கேட்டால், நவீன லாட்விய இலக்கியம் பிறந்தது அந்தப் புத்தகத்தில்தான்.

அன்றைய நிலைமையைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். நிலமும் தேவாலயமும் பள்ளியும் பால்டிக் ஜெர்மானியர்கள், அதாவது அங்கே தலைமுறைகளாகக் குடியிருந்த ஜெர்மானியர்கள், கையில். லாட்விய மொழியில் வந்த புத்தகங்களையும் அதுவரை பெரும்பாலும் ஜெர்மானியப் பாதிரியார்கள்தான் எழுதினார்கள். ஒரு லாட்வியன் நாலு எழுத்துப் படித்துவிட்டால் ஜெர்மானியனாகிவிட வேண்டும், அதுதான் வழக்கம். அதே தார்த்துவில் படித்த கிரிஷ்யானிஸ் வால்தெமார்ஸ் தன் அறைக் கதவில் பெயர் அட்டையை ஒட்டி, பெயரோடு 'லாட்வியன்' என்றும் போட்டுக்கொண்டார். ஒரு மாணவன் தன் கதவில் ஒட்டிய அட்டை அந்த நாட்டு வரலாற்றுப் புத்தகங்களில் ஏறும் அளவுக்கு அது பெரிய காரியமாக இருந்திருக்கிறது!

அலுனான்ஸ் செய்ததும் அதே வேலைதான். குடியானவன் பாஷை என்று ஒதுக்கிய மொழியில் ஹொரேஸைக் கொண்டுவந்தார், ஹைனேயைக் கொண்டுவந்தார். ஹைனேயின் லோரலை கவிதையில் ஓடும் ரைன் நதி அவர் கையில் லாட்வியாவின் தவ்கவா நதி ஆகிவிட்டது. மூலத்துக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். ஜெர்மானியர்களின் புகழ்பெற்ற பாட்டு ஒரு லாட்விய ஆற்றங்கரையில் நடக்கிறது என்பதைப் படித்த முதல் வாசகனுக்கு எப்படி இருந்திருக்கும்! இல்லாத சொற்களை நூற்றுக்கணக்கில் அவரே உருவாக்கவும் செய்தார்.

மூலப் படைப்புகள் வராமல் இல்லை. காவுத்சீதே சகோதரர்களின் நாவல் 1879-இல் வந்தது, பும்புர்ஸின் காவியம் 1888-இல். இரண்டுமே அலுனான்ஸுக்குப் பிறகு.

அப்புறம் ரைனிஸ். லாட்வியர்களின் மகாகவி. 1897-இல் ஜார் அரசு அவரைக் கைதுசெய்து சிறையில் போட்டபோது அவர் கையில் இருந்த வேலை கோதேயின் ஃபாவுஸ்ட் மொழிபெயர்ப்பு. ஏற்கெனவே பெயர்பெற்ற எழுத்தாளரான அஸ்பாசியாவுக்கும் அதில் பங்கு உண்டு. பின்னாளில் ரைனிஸ் எழுதிய நாடகங்களின் மொழி இந்த வேலையில் பழுத்த மொழி என்றே நான் நினைக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் சோவியத் காலக் கவிஞர் விஸ்மா பெல்ஷெவிட்சா. லாட்வியக் குழந்தைகளுக்கு 'வின்னி த பூ'வைக் கொண்டுவந்தவர் அவர். 1969-இல் வந்த அவருடைய தொகுப்பில் ஒரு நீள்கவிதை இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர்வீரர்கள் அந்த மண்ணைப் பிடித்த கதையை லத்தீனில் எழுதிய ஹென்றி என்ற பாதிரியார்தான் அதில் பேசுபவர். ஆள்பவர்களுக்கும் அடங்கியவர்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நின்ற மனிதர் அவர். ஏட்டின் நடுவில் ரோமுக்குப் பிடித்ததை எழுதுகிறார். ஓரத்தில், தனக்கு மட்டும், மனதில் உள்ளதை எழுதுகிறார். லாட்வியா அப்போது சோவியத் ஆட்சியில் இருந்ததால், ரோம் என்று இருந்த இடத்தில் மாஸ்கோ என்று படிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தணிக்கைக்காரர்களும் அப்படித்தான் படித்தார்கள். அதன்பின் சில ஆண்டுகள் அவர் கவிதைகள் அச்சேறவே இல்லை.

அதே 1969-இல்தான் க்னூட்ஸ் ஸ்குயெனியெக்ஸ் என்ற கவிஞர் ரஷ்யாவின் மொர்தோவியாவில் இருந்த சோவியத் கைதி முகாமிலிருந்து திரும்பினார். 1962-இல் கைது, ஏழு ஆண்டுத் தண்டனை. அங்கே ஆயிரம் கவிதை வரை எழுதியிருக்கிறார், பலவற்றை மனைவிக்கு எழுதிய கடிதங்களில் வைத்து அனுப்பியிருக்கிறார். முகாமில் இருந்துகொண்டே பிற மொழிக் கவிதைகளையும் மொழிபெயர்த்தார். வெளியே வந்தபிறகும் சொந்தத் தொகுப்பு வர 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முகாமில் எழுதியவை முழுத் தொகுப்பாக வந்தது 1990-இல். கவிதையை வெளியிட முடியாதவனுக்கு மொழிபெயர்ப்பு வெறும் சோறு போடும் தொழில் என்று மட்டும் சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மொழியைக் கையில் வைத்திருக்க அவருக்குக் கிடைத்த வழி அது.

நான் லாட்வியத்துக்குள் நுழைந்ததே நோரா இக்ஸ்தெனாவின் 'சோவியத் மில்க்' நாவல் வழியாகத்தான். மூலம் 2015-இல் வந்தது, நான் படித்தது 2018-இல் வந்த ஆங்கிலப் பதிப்பு. சோவியத் காலத்தில் மருத்துவரான ஒரு தாயும் அவள் மகளும், பால் கொடுக்க மறுத்த தாய். இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டுத்தான் மொழிபெயர்ப்பாளர் யார் என்று பார்த்தேன். மார்கிதா கைலீதிஸ். ரீகாவில் பிறந்தவர். போர்க்காலத்தில் சிறுமியாகக் குடும்பத்தோடு நாட்டைவிட்டு ஓடி, ஜெர்மனி வழியாகக் கனடா போய் அங்கே வளர்ந்து கவிஞரானவர். 1998-இல் லாட்வியாவுக்கே திரும்பி வந்து, அந்த நாட்டு எழுத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் வேலையில் உட்கார்ந்துவிட்டார்.

புத்தகத்தைத் திரும்ப முதல் பக்கத்திலிருந்து எடுத்தேன். இந்தமுறை இரண்டு பேர் எழுதியதாக நினைத்துப் படித்தேன்.