பதிப்பு எண்ணின் வாலையும் சேர்த்துப் படியுங்கள்

2024 ஜூலை 1 அன்று, தொலைவிலிருக்கும் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் நிரலில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியே வந்தது. அந்த நிரலை எழுதுபவர்கள் ஓட்டையை அடைத்து 9.8 பதிப்பை வெளியிட்டார்கள். பல நிரல்களைத் தொகுத்துத் தரும் லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் (விநியோகங்களில்) ஒன்றான டெபியனின் 12-ஆம் பதிப்பை வைத்திருந்தவர்களுக்கு 9.8 வரவில்லை. வந்தது அதே பழைய 9.2தான். ஓட்டை மட்டும் அடைபட்டிருந்தது, எண்ணின் வாலில் டெபியன் போடும் திருத்த எண் ஒன்று கூடியிருந்தது. ஆனால் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆடிட் அறிக்கைகளில் "9.2 ஓடுகிறது, உடனே 9.8-க்கு மாறவும்" என்று சிவப்பு எழுத்தில் வரும். அட்மின் தலையில்தான் அது விடியும். 2014-இல் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வந்தபோதும் இதே கதைதான். மறைகுறியாக்க நிரலான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய 1.0.1இ பதிப்பிலேயே டெபியனும் இன்னொரு டிஸ்ட்ரோவான ரெட் ஹேட்டும் பேட்சை (ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை) போட்டுக் கொடுத்துவிட்டன. வெறும் எண்ணைப் பார்த்தவர்களோ, ஓட்டை அடைபட்ட புதுப் பதிப்பான 1.0.1ஜி எங்கே என்று தேடினார்கள்.

டிஸ்ட்ரோக்காரர்கள் சோம்பலால் இப்படிச் செய்வதில்லை. புதுப் பதிப்பு என்றால் திருத்தத்தோடு புது நடத்தையும் சேர்ந்து வரும். அதை நம்பி ஓடும் மற்ற பேக்கேஜுகள் (டிஸ்ட்ரோ கட்டித் தரும் நிரல்கள்) உடையலாம். அதனால்தான் தேவையான பேட்சை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் வைக்கிறார்கள். நிதானமான, பொறுப்பான வேலை அது.

எண் மேலே மட்டும்தான் போக முடியும் என்பது இன்னொரு சங்கடம். 2024 மார்ச் 29 அன்று கோப்புகளைச் சுருக்கும் நிரலான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒளித்துவைத்த பின்வாசல் இருப்பது தெரிந்ததும், டெபியனின் வளர்ச்சிக் கிளை 5.4.5-க்குத் திரும்ப வேண்டியிருந்தது. அப்படியே 5.4.5 என்று வெளியிட்டால், 5.6.1 இருக்கும் கணினி அதைப் பழசு என்று ஒதுக்கிவிடும். அதனால் 5.6.1 என்று எழுதி, ஒரு கூட்டல் குறி போட்டு, 'ரியலி 5.4.5' என்று ஒட்டினார்கள். பார்க்க அழகாக இல்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்கிறது. எனக்கு அந்த எண்ணின் மேல் பெரிய மரியாதை உண்டு.

நிரலை முதலில் எழுதி வெளியிடும் மூலத் திட்டக்காரர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற திரைக்காப்பு நிரலை எழுதிய ஜேமி ஜவின்ஸ்கிக்கும் டெபியனுக்கும் 2016-இல் இதனால்தான் மோதல். என்றோ சரிசெய்தும் டெபியனின் பழைய பதிப்பில் தங்கிவிட்ட பிழைகளுக்கெல்லாம் அவருக்குப் புகார் போய்க்கொண்டே இருந்தால் அவர் என்னதான் செய்வார்? ஆனால் "இது மிகப் பழைய பதிப்பு" என்று அவர் தன் நிரல் மூலம் பயனரின் திரையில் எச்சரிக்கை காட்டியது சரியான வழியல்ல. பேட்ச் போட்டிருக்கிறதா இல்லையா என்பது அந்த எச்சரிக்கைக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால், முதலில் மாற வேண்டியது டிஸ்ட்ரோக்கள்தான். நிரலிடம் அதன் பதிப்பைக் கேட்டால் வாலும் சேர்ந்து வரவேண்டும். பிழையை யாரிடம் சொல்வது என்ற முகவரியும் அங்கேயே இருக்க வேண்டும். டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் இதைச் செய்கிறது, இணைப்பு தொடங்கும்போதே டெபியனின் திருத்த எண்ணையும் சொல்லிவிடுகிறது. தாக்குபவனுக்குத் துப்புக் கொடுப்பதாகும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. வேண்டாம் என்பவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு செட்டிங் இருக்கவே இருக்கிறது.

அப்புறம், மூலத் திட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணைக் கணினி எப்படி வரிசைப்படுத்தும் என்று யோசித்து வையுங்கள். 2.0ஆர்சி1 என்று சோதனைப் பதிப்பை வெளியிட்டால், டெபியனின் கணக்கில் அது 2.0-வை விடப் பெரியது. டெபியனில் அதைப் பராமரிப்பவர், எண்ணைச் சிறியதாக்க நடுவில் ~ குறி போட்டுச் சமாளிக்கிறார். தேதியை எண்ணாக வைத்திருந்துவிட்டு ஒருநாள் 1.0 என்று ஆரம்பித்தால், எண் கீழே போனதாகிவிடும், அதை மேலே தூக்கிக் காட்ட எபோக் என்ற முன்னொட்டைப் போடவேண்டி வரும். போட்டபின் அந்தப் பேக்கேஜ் இருக்கும் வரை அதை எடுக்க முடியாது. வெளியிட்ட கோப்பை அதே எண்ணில் சத்தமில்லாமல் மாற்றி வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆடிட் செய்பவர்களுக்கும் வேலை கடினமல்ல. எந்த ஓட்டை எந்தப் பேக்கேஜில், வால் உட்பட எந்த எண்ணில் அடைபட்டது என்பதை டெபியனின் செக்யூரிட்டி டிராக்கர் என்ற இணையதளம் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அறிக்கை அனுப்பும் முன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.