காயலான் கடைச் சீர்

தாய்மாமன் சீராக நான் வைத்த ஒரு தட்டைக் கேலி செய்து மச்சான் வீட்டுத் தம்பி ஒருவர் போட்ட அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இனி யாரும் பாக்கி இருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கே பதினேழு பேர் அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒன்றும் தெரியாத மாதிரி, "இது உங்க வீட்டு விசேஷமாண்ணே?" என்று ஒரு கேள்வி. ஆமாம், எங்கள் வீட்டு விசேஷம்தான். என் அக்காவின் சின்ன மகனுக்குக் காதுகுத்து. அந்தத் தட்டு என் தட்டு. பின்னணியில் ஓடுகிற பாட்டும் எனக்காகத் தேடிப்பிடித்துப் போட்ட பாட்டுதான். ரசனைக்கு நன்றி.

சீர் வரிசையில் 21 தட்டு. கணக்கு தெரிந்தவர்கள் மொய் நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். பழம், பூ, வெல்லம், அக்காவுக்குப் பட்டு, மச்சானுக்கு வேட்டி சட்டை, பிள்ளைக்குத் தங்கத் தோடு, வெள்ளி அரைஞாண் என்று ஒரு தாய்மாமன் செய்ய வேண்டிய எதிலும் குறை வைக்கவில்லை. கிடா தனியாக நடந்து வந்தது. இதில் இருபது தட்டு அந்தத் தம்பியின் கேமராவுக்குத் தட்டுப்படவே இல்லை. 21ஆவது தட்டை மட்டும் கிட்டே போய் எடுத்திருக்கிறார். ரெண்டு டார்ச் செல், நாலு வட்டக் காந்தம், ஒரு சுருள் எனாமல் செம்புக் கம்பி, ஊக்கு ஒரு அட்டை, உப்புத்தாள், சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர், ஒரு பூதக்கண்ணாடி. 'தாய்மாமன் சீரா, காயலான் கடையா?' என்று மேலே எழுத்து ஓடுகிறது.

அதே தட்டில் மூன்று புத்தகங்களும் இருந்தன. வீடியோவில் அவை இல்லை. வெட்டிவிட்டார்.

எனக்குக் கோபம் அதில்தான். காயலான் கடை என்று சொன்னதில் எனக்கு வருத்தம் கிடையாது (சரி, கொஞ்சம் உண்டு, அதற்கு வருகிறேன்). அந்தத் தட்டில் காந்தத்தை வைத்ததே புத்தகத்துக்காக. புத்தகத்தை வைத்ததே காந்தத்துக்காக. இரண்டும் ஒரே தட்டில் இருந்தால்தான் அது சீர். பாதியை வெட்டினால் அது நிஜமாகவே இரும்புச் சாமான்தான், அந்தத் தம்பி சொன்னது சரியாகிவிடும்.

தட்டு யாருக்கு என்றும் பலருக்குத் தெரியவில்லை. மூன்று வயதுப் பிள்ளையிடம் ஊக்கைக் கொடுக்கிற முட்டாள் இல்லை நான். அது மூத்தவனுக்கு. பத்து வயது. கெட்டிக்காரன், வாய்த்துடுக்கு. ஆனால் புத்தகத்தைக் கண்டால் ஆகாது. போன பிறந்தநாளுக்கு நான் கொடுத்த கதைப் புத்தகத்தை அக்கா வீட்டில் பால் பாத்திரத்துக்கு மூடியாகப் பார்த்தேன். யாரையும் குறை சொல்லவில்லை, அளவு சரியாகத்தான் இருந்தது. மதுரை தமுக்கத்தில் புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனாலும் இந்தப் பயல்கள் எங்கே நிற்கிறார்கள் பாருங்கள். டெலஸ்கோப் விற்கிற இடத்தில், மேஜிக் சாமான் இடத்தில், டெல்லி அப்பளத்தில். "பையனுக்குப் படிக்கிற பழக்கமே இல்லைங்க" என்று அப்பாமார் என்னமோ ஜாதகக் கோளாறு மாதிரி சொல்லிக்கொண்டு பஜ்ஜி வாங்கப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு மே மாதமும் டிவியில் அதே வரி: 'வழக்கம் போல மாணவிகளே அதிகம்'. 2024 பிளஸ் டூவில் தேர்ச்சி, பெண்பிள்ளைகள் 96.44 சதவீதம், பையன்கள் 92.37. இந்த 'வழக்கம் போல'வை யாரும் நின்று என்னவென்று கேட்பதில்லை.

நான் சொல்வது ரொம்பச் சின்ன விஷயம். புத்தகத்துக்கு வராத பையன் கைவேலைக்கு வருவான். கைவேலை ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதனால்தான் ஒரே தட்டு.

அன்றைக்கு மண்டபத்தில் என்ன நடந்தது என்பதை அந்த வீடியோ காட்டாது, நான் சொல்கிறேன். சாப்பாட்டுப் பந்தி முடிந்து மூன்று மணி. என் பத்து வயது மாப்பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு மணமேடைக்குப் பின்னால் போய்விட்டான். நானும் போனேன். கம்பியை செல்லின் மேலேயே பத்துச் சுற்று சுற்றி வளையம் எடுத்தான். ரெண்டு முனையையும் பிளேடால் பளபளவென்று சுரண்டினான். செல்லின் இரு பக்கமும் ஊக்கை வைத்து ரப்பரால் இறுக்கி, நடுவில் காந்தத்தை ஒட்டி, ஊக்கின் ஓட்டைகளில் வளையத்தை மாட்டினான். புத்தகத்தில் போட்டிருந்த மோட்டார் படத்தைப் பார்த்தே இவ்வளவும் செய்தான், எழுத்தில் கண் படவில்லை. வளையம் குளிர் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது. சுற்றவில்லை.

"மாமா, சுத்தல."

"அப்படியா?"

"நீங்கதான் மோட்டார் கடை வச்சிருக்கீங்கல்ல, சொல்லுங்க."

எனக்கு வாய் துறுதுறுத்தது. இருபத்தி இரண்டு வருஷமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன், ஒரு நிமிஷத்தில் சரி பண்ணிவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு, "புக்குல போட்டிருக்கான் மாப்ள" என்றேன். என்னை முறைத்தான். புத்தகத்தை எடுத்தான். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாக: "ஒரு முனையில்... பூச்சு முழுவதையும்... சுரண்டவும். மறுமுனையில் பாதி... பாதிப் பக்கம் மட்டும் சுரண்டவும்." திரும்ப ஒருமுறை படித்தான். "ஏன் பாதி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அடுத்த பத்தியையும் படித்தான். யாரும் படி என்று சொல்லவில்லை. ரெண்டு முனையும் முழுசாகச் சுரண்டியிருந்தால் சுற்று முழுக்கக் கரண்ட் பாயும். பாதிச் சுற்றுக்கு முன்னே தள்ளும், மீதிப் பாதிக்குப் பின்னே இழுக்கும். அதனால்தான் நடுக்கம். பாதிப் பக்கம் பூச்சு இருந்தால் அந்த நேரம் கரண்ட் நிற்கும், வளையம் வந்த வேகத்திலேயே தாண்டிவிடும். இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் எனக்குச் சொன்னான். புதுக் கம்பி எடுத்தான், சுற்றினான், சுரண்டினான், மாட்டினான், விரலால் ஒரு சுண்டு சுண்டினான்.

சுற்றியது. ர்ர்ர் என்று. பக்கத்தில் செல்போனில் மூழ்கிக் கிடந்த நாலு பயல்களும் எழுந்து வந்தார்கள்.

இதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

சிலர் உடனே ஆரம்பிப்பீர்கள்: "யூடியூப் பார்த்தா அஞ்சு நிமிஷத்துல வந்துடுமே, எதுக்குப் புத்தகம்?" வரும். சுற்றுகிற மோட்டாரைக் காட்டுவான், லைக் போடச் சொல்லுவான். உன் மோட்டார் ஏன் சுற்றவில்லை என்பதற்கு அவன் நிற்க மாட்டான், ஓடிக்கொண்டே இருப்பான். புத்தகம் நிற்கும்.

"பொம்மையைக் காட்டிப் படிக்க வைக்கிறது லஞ்சம் இல்லையா?" என்று ஒரு ஆசிரிய நண்பர் தனியாகக் கேட்டார். நல்ல கேள்விதான். பத்துப் பக்கம் படித்தால் சாக்லேட் என்றால் லஞ்சம். படித்தால்தான் மோட்டார் ஓடும் என்றால் அது மோட்டார்.

இனி அந்தக் காயலான் கடை. ஆமாம், அந்தக் காந்தங்கள் பழைய ஸ்பீக்கரில் கழற்றியவை. கம்பி என் கடையில் மிச்சம். மாலில் விற்கிற அறிவியல் கிட்டுகளை நான் பார்க்காதவன் இல்லை. பளபளப்பான பெட்டி, உள்ளே ஆங்கிலத்தில் மடித்து வைத்த ஒரு தாள், பையன் முதலில் தூக்கி எறிவது அதைத்தான். அதைத் தட்டில் வைத்திருந்தால், "மாமன் கைதாராளம்" என்று கேப்ஷன் வந்திருக்கும். ஊக்கும் சைக்கிள் ட்யூபும் வைத்துச் செய்கிற இந்த மோட்டாரை நாடெங்கும் பிள்ளைகளிடம் கொண்டுபோனவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்தவர். குப்பையிலிருந்து பொம்மை என்றே தன் வேலைக்குப் பெயர் வைத்தவர். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரையும் ஒரு வீடியோ எடுத்துப் போடுங்களேன்.

நானும் இப்படி வந்தவன்தான், அதனால்தான் இவ்வளவு சூடு. பள்ளிக்கூடத்தில் படிக்கச் சொன்னால் வயிற்றுவலி வருகிற சாதி நான். 1995 அக்டோபர் 24, தீபாவளியை ஒட்டி வந்த சூரிய கிரகணம். வடக்கே முழுசாக மறைந்தது, நமக்குப் பாதி. காலை நேரம். தெருவில் ஒரு கதவு திறந்திருக்கவில்லை. எங்கள் அறிவியல் சார் முந்தின வாரம் எங்களுக்கு ரெண்டு சாமான் கொடுத்திருந்தார்: குண்டூசியால் ஓட்டை போட்ட ஒரு போஸ்ட் கார்டு, ஒரு பழைய 'துளிர்' இதழ். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987லிருந்து நடத்துகிற பத்திரிகை. கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். சூரியனுக்கு முதுகைக் காட்டி, கார்டைத் தோளுக்கு மேலே பிடித்து, நிழலில் ஒரு வெள்ளைத்தாள். தாளில் மிளகு அளவு ஒரு சூரியன் விழுந்தது. மிளகில் யாரோ கடித்த மாதிரி ஒரு குறை. அந்தக் குறை நகர்ந்தது. அம்மா கீழேயிருந்து, "கண்ணு போயிரும்டா, இறங்கு" என்று கத்துகிறாள். நான் இறங்கி ஓடிப்போய் அந்த இதழைத் தேடினேன், ஓட்டை வட்டமாக இருக்க, தாளில் ஏன் கடித்த சூரியன் விழுகிறது என்று பார்க்க. பாடம் அல்லாத ஒன்றை நான் வாழ்க்கையில் முதன்முதலில் படித்தது அன்றைக்குத்தான். சார் கார்டு மட்டும் கொடுத்திருந்தால் விளையாடியிருப்பேன். இதழ் மட்டும் கொடுத்திருந்தால் பட்டாசு சுருட்டியிருப்பேன். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

சரி, கடைசிக் கேள்வி. இதைத்தான் நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன் என்று அந்த வீடியோவின் கமெண்டில் ஒரு தோழி கண்டுபிடித்துவிட்டார்: "அக்காவுக்கு ஒரு மகளும் இருக்காளே, அவளுக்கு என்ன வைத்தீர்கள் அண்ணா?"

பாப்பாவுக்குப் பதிமூன்று வயது. அவளுக்குப் பாவாடை தாவணியும் ரெண்டு கதைப் புத்தகமும். காந்தம் இல்லை.

அங்கே முதலில் நான் எழுதிய பதில் இது: 'அவள் ஏற்கெனவே படிக்கிறவள், பசியில்லாதவனுக்கு எதற்கு ஊறுகாய்'. அதற்கு 200 பேர் சிரித்திருக்கிறார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். வீம்புக்கு ஃபாரடேயை வேறு இழுத்தேன். கொல்லன் மகன், 14 வயதில் லண்டனில் புத்தகம் கட்டுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்து, கட்ட வந்த புத்தகங்களையே படித்து, படித்ததைக் கைக்காசில் சாமான் வாங்கிச் செய்து பார்த்து, 1831இல் மின்தூண்டலை, அதாவது காந்தம் நகர்ந்தால் கம்பியில் கரண்ட் வரும் என்பதைக் கண்டுபிடித்தவர். அவர் இல்லாவிட்டால் என் கடையே கிடையாது. பாருங்கள், கையும் புத்தகமும் சேர்ந்தால் ஒரு பையன் எங்கே போகிறான் என்று பெருமையாகப் போட்டேன். தோழி சாவகாசமாக வந்து கேட்டார்: "அந்தப் பையனுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த புத்தகத்தை எழுதினது யார் அண்ணா?" ஜேன் மார்செட். ஒரு பெண். அதையும் அவர் எழுதியது முக்கியமாகப் பெண்கள் படிப்பதற்காக. சோதனை செய்துகாட்டி விளக்குகிற ஆசிரியை, கேள்வி கேட்கிற ரெண்டு சிறுமிகள், புத்தகம் முழுக்க இப்படித்தான் உரையாடலாகப் போகும்.

எனக்கு இது தெரியும். தெரிந்தேதான் அந்தப் பெயரை விட்டுவிட்டு எழுதினேன். புத்தகத்தை வெட்டிவிட்டான் என்று ஒரு சின்னப் பையனை இவ்வளவு நேரமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் சொல்கிறேன், பையன்கள் படிக்க மாட்டேன் என்கிறார்கள், அது தனிப் பிரச்சினை, அதற்கு வழி பார்த்தால் உடனே பெண்பிள்ளைகளை மறந்துவிட்டாய் என்று சண்டைக்கு வராதீர்கள். வாருங்கள், ஆனால் அந்த வீடியோவில் சிரித்தவர்கள் மட்டும் வராதீர்கள். அங்கே அந்தத் தோழி ஒருவர்தான் சிரிக்காமல் கேட்டார்.

மச்சான் வீட்டுத் தம்பிக்கு: வீடியோவை எடுக்கச் சொல்ல மாட்டேன். லைக் நிறைய வந்திருக்கிறது, சம்பாத்தியத்தைக் கெடுப்பானேன். முடிந்தால் அந்த மூன்று புத்தகமும் தெரிகிற மாதிரி முழுசாகப் போடுங்கள். புத்தகங்களின் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் கமிஷன் வாங்கிவிட்டான் என்பீர்கள்.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு அக்கா போனிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். குரல் பாப்பாவுடையது. "மாமா, தம்பி மோட்டார் மறுபடி ஓடல. காந்தத்தத் திருப்பி வச்சா எதிர்ப்பக்கம் சுத்தும்னு புக்குல இருக்கு, அதுக்கு என்கிட்ட கொடுக்க மாட்டேங்கிறான். எனக்குத் தனியா கம்பி வேணும். அவனோட கம்பி தீந்துபோச்சு, ஆனா அவனுக்கு வேண்டாம், எனக்கு மட்டும்."

26 கேஜ் செம்புக் கம்பி கால் கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். மதியம் பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும்.