பட்டம் ரத்தத்தில் வருகிறதென்றால்

டியூக், ஏர்ல் போன்ற பிரிட்டிஷ் பரம்பரைப் பிரபுப் பட்டங்கள் மகளுக்கும் போகலாமா என்ற பேச்சு வந்த நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கவில்லை, வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் "பிரபுப் பட்டம் ரத்தத்தில் வருவது, அதில் ஆண் பெண் என்று பேச இடமில்லை" என்று அங்கே பேசிய அண்ணன் மைக்கில் சொன்னதும், இங்கிலாந்திலேயே இருபது வருடம் குடியிருக்கும் நம் ஆட்கள் கைதட்டியதும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரத்தத்தில் வருகிறதென்றால் மகளுக்கும் வரவேண்டும்தானே? 2016-இல் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் இறந்தார். நான்கு பிள்ளைகள், மூத்தவர்கள் இருவரும் பெண்கள். பட்டம் போனது மூன்றாவதாகப் பிறந்த ஒரே மகனுக்கு, 25 வயதில். அக்காமாருக்கு வேறு அப்பாவா?

பட்டம் தரும்போது அரச சாசனத்தில் "ஆண் வாரிசுகளுக்கு" என்று எழுதிவிடுகிறார்கள், அதனால்தான் இப்படி. மாற்றி எழுதவும் அவர்களுக்குத் தெரியும். இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கு மகன் கிடையாது, இரண்டு மகள்கள். அவருக்கு, மகளுக்கும் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1979-இல் படகில் குண்டு வெடித்து அவர் இறந்தபோது, அதே படகில் படுகாயம்பட்ட மூத்த மகள் பட்ரீஷியாவுக்குப் பட்டம் வந்தது. அது மட்டும் எந்த ரத்தம்?

மரபை மாற்ற முடியாதாம். ஸ்பெயின் 2006-இல் சட்டம் போட்டு மாற்றியது, மூத்த பிள்ளை ஆணோ பெண்ணோ அதற்கே பட்டம். பிரிட்டனில் அரியணைக்கே 2013 சட்டத்தில் மாற்றிவிட்டார்கள், இளவரசர் வில்லியமின் மகள் சார்லட்டைத் தம்பி லூயி முந்த முடியாது. டியூக், ஏர்ல் குடும்பங்களை மட்டும் அந்தச் சட்டம் தொடவேயில்லை.

"பட்டமே ஒழியட்டும் என்று ஏன் கேட்கவில்லை?" என்பீர்கள். சரி, ஒழியட்டும். ஆஸ்திரியா 1919-லேயே ஒழித்துவிட்டது. ஒழியும்வரை அக்கா ஏன் தம்பிக்கு வழிவிட வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

போன வருடம் மகளோடு ஒரு பிரபு மாளிகை பார்க்கப் போயிருந்தேன். சுவரில் வம்சாவளிப் படம், ஆண்களின் பெயரெல்லாம் பொன்னெழுத்தில். ஒரு கிளையின் நுனியில் "மூன்று மகள்கள்" என்று மட்டும் இருந்தது. ஒன்பது வயதுக்காரி கண்ணாடிமேல் விரலை வைத்து, "அம்மா, இவங்க பேரு என்ன?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

தம்பி பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. "வாரிசு வந்தாச்சு" என்று பாட்டி தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனது நான்தான்.

அண்ணா, உங்களுக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். அன்றைக்கு முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.