அந்த மூன்று வருடத்தை எங்கே ஒளிப்பது?

குலசேகரத்திலிருந்து சித்தி மகன் ரெஸ்யூமோடு வந்திருந்தான். மெக்கானிக்கல் படித்தவன். 2020 ஊரடங்கில் சென்னை வேலை போய் ஊருக்கு வந்தான். அதே மழைக்காலத்தில் சித்தப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிய, ரப்பர் பால்வெட்டு இவன் தலையில் வந்தது. மூன்று வருடம். ஆனால் ரெஸ்யூமில் சென்னைக் கம்பெனி 2023 வரை நீண்டிருந்தது. காசு வாங்கிக்கொண்டு யாரோ அனுபவச் சான்றிதழ் வேறு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"எடே, உன் பிஎஃப் கணக்கைத் திற" என்றேன்.

கம்பெனி மாறினாலும் பிஎஃப்-பில் நமக்கென்று கொடுக்கும் யூஏஎன் எண் மாறாது. எங்கே எந்தத் தேதி சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்பதெல்லாம் அதில் கிடக்கும். ஆஃபர் கொடுத்த பிறகு பின்னணி சரிபார்ப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள். இடைவெளியால் வேலை கிடைக்காதவர்களைவிட, அதை மறைத்து ஆஃபரை இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எனக்கும் இந்த வெட்கம் இருந்தது. மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஒன்றரை வருடம் தக்கலை வீட்டில் இருந்தேன். 2017 பிப்ரவரியில் விலகியதை வெறும் '2017' என்று போட்டேன். டிசம்பர் என்று நினைத்துக்கொள்ளட்டுமே என்ற கணக்கு. திருவனந்தபுரத்தில் ஒரு நேர்காணலில் "எந்த மாதம்?" என்றார்கள். நாக்கு குழறிவிட்டது.

அடுத்த முறை மாதத்தோடு ஒரே வரி: குடும்பத்தில் நோயாளியைக் கவனித்தல். என்ன நோய் என்பது அவர்களுக்கு எதற்கு? கேட்டால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, இப்போது நமக்கு என்ன தெரியும் என்ற பேச்சுக்குப் போய்விட வேண்டும். 2022-ல் வேலை தேடுவோர் கூடும் லிங்க்ட்இன் தளமே இந்த இடைவெளியைப் பதிவு செய்யத் தனி இடம் கொடுத்துவிட்டது. நாம்தான் இன்னும் "வீட்டில் சும்மா இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுக்குப் படித்தவர்கள் பாடு வேறு. சேர்ந்த பிறகும் பரீட்சை எழுத ஓடிவிடுவார்களோ என்ற பயம் கம்பெனிக்கு. எழுதுவதை நிறுத்தியாயிற்று என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறுத்தவில்லையா? சரி, அது உங்கள் பாடு; பொய்க்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

"அக்கா, பால்வெட்டினேன்னு எழுதினா சிரிக்க மாட்டாங்களா?" என்றான். விடியுமுன் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு 300 மரத்தில் பால்வெட்டி, பால் எடுத்து, ரப்பர் ஷீட் அடித்தவன். ரோலரில் பல்சக்கரம் தேய்ந்தபோது தானே மாற்றியவன். அதையும் சேர்த்து எழுதுடே என்றேன்.

இப்படி எழுதியதில் சித்திக்குத்தான் இன்னும் மனசில்லை. நான்கு இடத்துக்கு அனுப்பியிருக்கிறான். ஓசூரில் ஒரு கம்பெனி அடுத்த புதன் வரச் சொல்லியிருக்கிறது.