திறப்பு விழா இல்லாத செலவு

நகராட்சி பட்ஜெட் வந்தால் எல்லோரும் இரண்டைத்தான் பார்க்கிறார்கள். சொத்து வரி ஏறுகிறதா? புதிதாக என்ன கட்டப் போகிறார்கள்? நான் தேடுவது 'கட்டடப் பராமரிப்பு' என்ற தலைப்பை. அநேகமாகப் பின்பக்கங்களில், 'இதர செலவினங்கள்' பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கும். போன வருடத் தொகையே இந்த வருடமும் இருக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் குறைந்திருக்கும். பத்து வருடம் கழித்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு தொகையே சொல்லிவிடும்.

பணம் பற்றாத வருடத்தில் மன்றம் எதில் கை வைக்கும்? சம்பளத்தில் முடியாது. ஓய்வூதியத்தில் முடியாது. வாங்கிய கடனுக்கு வட்டி கட்டாமல் விட்டால் அடுத்த கடன் கிடைக்காது. மிச்சம் இருப்பது பராமரிப்பு. சம்பளத்தை நிறுத்தினால் மறுநாளே ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். கூரைக்கு அடுத்த மழை வரைக்கும் வாய் கிடையாது. அதனால் 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதாமலே எழுதிவிடுகிறார்கள். இதைச் சிக்கனம் என்று பாராட்டுபவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இது கடன், அதுவும் மன்றத்தில் ஓட்டெடுக்காமல், எந்தக் கணக்கிலும் காட்டாமல் வாங்கிய கடன். கட்டப் போவது இன்று முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கலாம். 1950-களிலிருந்து அங்கே பல பள்ளிகளின் கூரைகளில் காற்றுக்குமிழ்கள் நிறைந்த ஒருவகை லேசான கான்கிரீட்டைப் பயன்படுத்தினார்கள். மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆயுள் சுமார் 30 வருடம்தான் என்பது பிற்பாடு தெரிந்த விஷயம். 2018-இல் கென்ட் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை இடிந்து விழுந்தது. வாரக்கடைசி என்பதால் யாருக்கும் காயமில்லை. அதற்குப் பிறகும் ஐந்து வருடம் ஓடியது. 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கச் சில நாட்களே இருக்கும்போது, நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளிடம் அந்தக் கட்டடங்களை மூடச் சொன்னது அரசு. பெரிய அளவில் புதுப்பிக்கவோ இடித்துக் கட்டவோ வேண்டிய பள்ளிகளில் சுமார் 7 லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று அதே வருடம் ஜூன் மாதத்திலேயே அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் சொல்லியிருந்தது. தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை.

பணக்கார நாடு என்பதும் இதில் உதவுவதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பு 2020-இல் ஒரு கணக்கு கொடுத்தது. ஏறத்தாழ 36,000 பள்ளிகளில் வெப்பமூட்டும், காற்றோட்ட, குளிரூட்டும் அமைப்புகளைச் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும். அங்கே பள்ளிக் கட்டடச் செலவின் பெரும்பங்கு உள்ளூர் சொத்து வரியின் தலையில்தான் விழுகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலம் இதில் நல்ல பாடம். 1980-இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். புதுக் கட்டுமானங்களால் வரும் வரியைத் தவிர்த்து, ஓர் ஊர் தன் மொத்த சொத்து வரி வசூலை வருடத்துக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. விலைவாசி 5 சதவீதம் ஏறினாலும் அவ்வளவுதான். வரம்பைத் தாண்ட வேண்டுமானால் மறுபடி மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். அதில் முக்கியமாக இரண்டு வழி. வரம்பையே நிரந்தரமாக உயர்த்துவது ஒன்று. அந்தப் பணம் ஆசிரியர் சம்பளம், பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவுக்குப் போகும். மற்றது, ஒரு கட்டடத்துக்காக வாங்கிய கடன் அடையும் வரைக்கும் மட்டும் கூடுதல் வரி. இரண்டில் எதற்கு ஓட்டுக் கேட்பது சுலபம்? ஒன்றில் முடிவே இல்லாத வரி. மற்றதில் கையில் ஒரு வரைபடம், கடன் தீரும் தேதி, கண்ணாடி முகப்போடு ஒரு பள்ளி. இப்படி ஒரு சட்டத்தின் கீழ், பழைய பள்ளியைப் பழுதுபார்த்துக்கொண்டே இருப்பதைவிட முழுதாகப் பாழாக விட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் அரசியல் ரீதியாக லாபம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவேண்டிய அவசியமே இல்லை, சட்டமே அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நீண்டகாலக் கடனை வாங்கி அன்றாடச் செலவைச் சமாளிப்பது. நியூயார்க் நகரம் சம்பளம் போன்ற வழக்கமான செலவுகளில் ஒரு பகுதியை மூலதனக் கணக்கில், அதாவது கடன் வாங்கிக் கட்டடம், சாலை போன்றவை கட்டும் கணக்கில், எழுதிவந்தது. 1975-இல் வங்கிகள் கடன் தர மறுத்ததும் திவாலின் விளிம்பில் போய் நின்றது. சிகாகோ 2008-இல் தன் பார்க்கிங் மீட்டர் வருமானத்தை 75 வருடத்துக்குத் தனியாருக்குக் குத்தகை விட்டு சுமார் 115 கோடி டாலர் வாங்கியது. அதில் பெரும்பகுதி சில வருடங்களிலேயே பட்ஜெட் ஓட்டைகளை அடைப்பதில் கரைந்துவிட்டது. குத்தகை 2080-களில்தான் முடியும்.

'உள்ளூர்ப் பள்ளிக்கு உள்ளூர் வரி' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தின் இரண்டு பள்ளி மாவட்டங்கள் (உள்ளூரில் வரி வசூலித்துப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் பேசப்பட்டன. ஏழைகள் வாழும் எட்ஜ்வுட்டில் வரி விகிதம் அதிகம், ஆனால் சொத்து மதிப்பு குறைவு. உள்ளூர் வரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு 26 டாலர்தான் தேறியது. வசதியான அலமோ ஹைட்ஸில் விகிதம் குறைவு, கிடைத்ததோ 333 டாலர். அதிக விகிதத்தில் வரி கட்டியவனுக்குத்தான் ஒழுகும் கூரை. இதில் அரசியல் சட்ட மீறல் இல்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. ஆகவே மேலிருந்து மானியம் வராமல் ஏழை ஊர் தானே எழுந்து நிற்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஆனால் அந்த மானியமும் பெரும்பாலும் புதுக் கட்டடத்துக்கு என்றே வருகிறது என்பது தனிக் கொடுமை.

மக்களே முடிவெடுத்தால் சரியாகிவிடுமா? பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989-இல் மக்களைக் கூட்டி பட்ஜெட் போடத் தொடங்கியது. கழிவுநீர்க் கால்வாய், சாலை என்று நிஜத் தேவைகள் மேலே வந்தன. எனக்கு அந்த முறைமேல் மரியாதை உண்டு. அங்கேயும் விவாதத்துக்கு வந்தது பெரும்பாலும் புது முதலீடுதான். கூரையில் நீர்க்கசிவைத் தடுக்கப் பூச்சு அடிப்பதற்கு ஊர்வலம் போகிறவர் யார்?

அதனால் இதை ஆர்வத்துக்கோ நல்லெண்ணத்துக்கோ விடக் கூடாது, விதியாக்க வேண்டும். ஒரு கட்டடத்தை இன்று திரும்பக் கட்ட ஆகும் செலவில் 2 முதல் 4 சதவீதத்தை ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1990-இலேயே சொன்னது. அதில் கீழ்மட்டமான 2 சதவீதத்தையாவது வேறு தலைப்புக்கு மாற்ற முடியாதபடி பூட்டிவைக்கலாம். புதுக் கட்டடத்துக்கான தீர்மானத்திலேயே மின்சாரம், துப்புரவு, காவல், பழுது என்று முப்பது வருடச் செலவையும் எழுதச் சொல்லலாம். எந்தப் பள்ளியில் எந்தக் கூரைக்கு எத்தனை வயது என்ற பட்டியலை பட்ஜெட்டோடு சேர்த்தே வெளியிடலாம். வாய் கிடையாத கூரைக்காக அந்தப் பட்டியலாவது பேசட்டும்.

பட்டியல் போட்டால் ஊருக்குக் கெட்ட பெயர், பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்பார்கள். பயப்படட்டும். அந்தப் பயம் பட்ஜெட் கூட்டத்துக்கு நாலு பேரைக் கூடுதலாக அழைத்து வந்தால், 'இதர செலவினங்கள்' பக்கத்துத் தொகை அடுத்த வருடம் தானாக மேலேறும்.