அது அழுக்கு இல்லைங்க, கருப்பு

அந்தப் பதிவை இன்னும் எத்தனை பேர்தான் எனக்கு டேக் செய்யப் போகிறீர்கள்? பார்த்தாச்சு. பெற்ற பிள்ளையையே தின்னும் ரோமானியக் கடவுள் சாட்டர்ன், ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்தது; அந்தப் படத்தை ஏஐயில் போட்டு "200 வருட அழுக்கை" நீக்கிவிட்டார்களாம். அது அழுக்கு இல்லை, கருப்புப் பெயிண்ட் என்று பொறுமையாகத்தான் கமெண்ட் போட்டேன். "வந்துட்டாருய்யா மேதாவி" என்று பதில். சரி, என் சுவரிலேயே எழுதிக்கொள்கிறேன்.

அழுக்கும் பழைய வார்னிஷும் படம் முழுக்கப் படியும். முதலில் காட்டிக்கொடுப்பது வெள்ளைதான், மஞ்சளித்துப் பழுப்பாகும். பின்னணியை மட்டும் கருப்பாக்கி, பிதுங்கிய கண்ணின் வெள்ளையையும் பிணத்தின் முதுகையும் விட்டுவைக்கிற அழுக்கு எந்த ஊரில் இருக்கிறது?

மென்பொருளில் இருட்டான பகுதியை வெளிச்சமாக்கினால் என்ன ஆகும்? தொடையும் முழங்காலும் இருட்டில் கரைகிற இடத்தில் அதற்குத் தகவலே கிடையாது. தானாகத் தசையை இட்டுக்கட்டும். ஏற்கனவே வெளிச்சமான முதுகு இன்னும் வெளிறும். விரல்கள் சதைக்குள் அழுந்துகிற பள்ளம் காணாமல் போகும். அந்தப் படத்தின் கொடூரமே அந்த விரல்களில்தான் இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு "சுத்தம்" என்கிறீர்கள்.

"அசல் மட்டும் கோயா விட்டபடியா இருக்கு?" என்பீர்கள். இல்லைதான். 1819-ல் மாட்ரிட் அருகே அவர் வாங்கிய வீட்டில், காய்ந்த சுவர்ப்பூச்சின் மேல் எண்ணெய் வர்ணத்தில் தீட்டியது. 1870களில் அந்த வீட்டை வாங்கிய வங்கியாளர் எர்லாங்கருக்காக, ஓவியங்களைச் சீரமைக்கும் மார்ட்டினெஸ் குபெல்ஸ் அங்கே சுவர்களில் இருந்த கோயாவின் 14 ஓவியங்களையும் கேன்வாஸுக்கு மாற்றினார். பொதுவாக இந்த வேலையில் முகப்பில் பசை தடவித் துணி ஒட்டி, காய்ந்ததும் உரிப்பார்கள். வர்ணம் சுவரில் ஒரே சீராகப் பிடித்திருக்காது. இறுகிய இடம் சுவரோடு நின்றுவிடும், தளர்ந்த இடம் பொடிந்து உதிரும். இவற்றிலும் நிறைய வர்ணம் போனது. போன இடங்களில் குபெல்ஸின் தூரிகை புகுந்தது. அதனால்? ஒருத்தர் தொட்டுவிட்டார் என்று ஊரே தொடலாமா? அடுத்த கேள்வி.

"கலை எல்லாருக்கும் போய்ச் சேரட்டுமே." தாராளமாகச் சேரட்டும். படம் இப்போது இருக்கும் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படம் இலவசமாகவே இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள், யார் தடுத்தது?

அதைவிட எரிச்சல், அந்தப் பதிவின் "பைத்தியக்கார ஓவியர்" என்ற தலைப்பு. காது கேட்காத, 70 தாண்டிய மனிதர். அதே காலத்தில், 1820-ல், தன்னைப் பிழைக்க வைத்த மருத்துவர் அரியெட்டாவுக்கு நன்றி சொல்லி ஓவியம் தீட்டியவர். அதன்பின் பிரான்சின் போர்தோ நகருக்குப் போய் லித்தோகிராஃபில் (கல்லில் வரைந்து அச்செடுக்கும் முறை) காளைச் சண்டைத் தொடரே அச்சிட்டார். பைத்தியமாம்!

கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. புராணத்தில் சாட்டர்ன் விழுங்கியது பிறந்த குழந்தைகளை. அதே பிராடோவில் இருக்கும் ரூபன்ஸ் ஓவியத்திலும் குழந்தைதான். கோயா வரைந்ததோ வளர்ந்த உடல்; தலை போய்விட்டது, இடக்கை வாய்க்குப் போகிறது. இந்தப் படத்துக்குப் பெயர்கூட அவர் வைக்கவில்லை, பிற்பாடு வந்தவர்கள் வைத்தது. இது சாட்டர்ன்தானா என்றே பேசலாம். ஆனால் அங்கே 400 கமெண்டும் "வேற லெவல் புரோ". ஒருவர் மட்டும் மனசாட்சியோடு எழுதியிருந்தார்: "இப்ப பார்த்தா பயமாவே இல்ல." அதற்கும் ஹார்ட்டின் போட்டிருக்கிறார் பதிவர்.