பன்னிரண்டு வயதில் கரையேறியவள் எழுதுவது

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்துக் கிணறு நாற்பதடிக்கு நாற்பதடி. ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தரைத் தடுப்பணை வழியாக வாய்க்காலில் வந்துவிட்டால் கிணற்றிலும் ஊற்று ஏறி, மேலிருந்து ஆறாவது படி வரை தளும்பும். அப்படியொரு கோடையில்தான் அப்பாரு அண்ணன் முதுகில் மிதப்பதற்காகச் சுரைப்புருடை, அதாவது காய்ந்த சுரைக்குடுவை, கட்டி இறக்கிவிட்டார். பின்னாலேயே நின்று அழுத எனக்கும் ஒன்று கட்டினார். எனக்கு அப்போது ஆறு வயது. இரண்டாம் வாரமே புருடையைக் கழற்றி எறிந்துவிட்டேன். அண்ணனுக்கு ஒரு மாதம் பிடித்தது. இதை அவன் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.

பன்னிரண்டில் வயதுக்கு வந்தேன். பிறகு அந்தக் கிணற்றடிக்குப் போனதெல்லாம் துணி துவைக்கத்தான். அண்ணன் கல்லூரிக்குப் போகும்வரை குதித்துக்கொண்டிருந்தான். நான் கல்லில் புடவையை அடித்துக்கொண்டே அவன் காலை எப்படித் தப்பாக அடிக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இது நினைவுக்கு வரக் காரணம் அதே அண்ணன்தான். போன வாரம் சாப்பிடும்போது அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கியைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவர்கள் ஊரில் காசு இருக்கிறது, குளம் இருக்கிறது, ஆறடி உயரம் இருக்கிறது, ஜெயிக்கிறார்கள் அம்மிணி, இதில் என்ன அதிசயம்?" என்றான். காசு இல்லாமல் நடக்காது என்பது சரிதான். ஆனால் கேட்டியும் ஆறு வயதில் அண்ணன் பின்னாலேயே போய்த்தான் குளத்தில் இறங்கினார். அவருடைய அம்மா பல்கலைக்கழக அணிக்கு நீந்தியவர். மகளின் எந்த வயதிலும் அந்த அம்மா "போதும், ஏறு" என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இல்லாமல் போனது காசு மட்டும்தானா என்று அண்ணனைக் கேட்டேன். ரசம் ஊற்றச் சொன்னான்.

2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் பிரீஸ்டைலில் தங்கம் வென்றபோது கேட்டிக்கு 15 வயது. 2016இல் ரியோவில் அதே போட்டியை 8 நிமிடம் 04.79 விநாடியில் முடித்தார். இரண்டாவதாக வந்தவர் சுவரைத் தொட அதற்குப் பிறகு 11 விநாடிக்கும் மேல் ஆனது. லண்டனிலிருந்து 2024 பாரிஸ் வரை மொத்தம் 14 ஒலிம்பிக் பதக்கங்கள், அவற்றில் தங்கம் 9.

ஆனால் என்னை உலுக்கியது பதக்கக் கணக்கு இல்லை. 1500 மீட்டர் கதை. ஆண்களுக்கு ஒலிம்பிக்கில் 1908 முதல் அந்தப் போட்டி இருக்கிறது. பெண்களுக்கு 1968இல் வந்த 800 மீட்டரோடு சரி. ரியோ வரை அதற்கு மேல் கிடையாது. கேட்டி 16 வயதிலேயே, 2013இல், 1500 மீட்டரில் உலகச் சாம்பியன், உலக சாதனைக்காரர். இருந்தும் ரியோவில் அந்தப் போட்டியை நீந்த வழியில்லை, ஏனென்றால் பெண்களுக்கு அப்படியொரு போட்டியே அங்கே இல்லை. உலகத்திலேயே அதில் சிறந்தவளைக் கரையில் உட்கார வைத்திருந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டும்தான் இப்படி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டோக்கியோவில்தான் கதவு திறந்தது. 2021 ஜூலையில், ஆண்களுக்கு 113 ஆண்டுகள் கழித்து. அன்று காலை முதலில் 200 மீட்டர் இறுதிப் போட்டி. கேட்டி ஐந்தாவது. ஒலிம்பிக்கில் தனிநபர் இறுதிப் போட்டியொன்றில் பதக்கமில்லாமல் அவர் வெளியே வந்தது அதுவே முதல் முறை. சற்று நேரத்தில் மறுபடி குதிக்க வேண்டும், அதுவும் 1500 மீட்டர், முப்பது நீளம். தோற்ற முகத்தோடு போய் நின்று 15 நிமிடம் 37.34 விநாடியில் முதலாவதாகத் தொட்டார். பெண்கள் 1500 மீட்டரில் முதல் ஒலிம்பிக் தங்கம். கைப்பேசியில் அந்த ஓட்டத்தை முழுதாகப் பார்த்திருக்கிறேன். நடுவில் பார்க்க ஒன்றுமே இருக்காது. கை, கை, மூச்சு, திரும்பு. எனக்கு அதுதான் பிடிக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். 2020இல் தலையில் ஒரு கிளாஸ் சாக்லேட் பாலை வைத்துக்கொண்டு ஐம்பது மீட்டர் நீந்துகிறார், கிளாஸ் அசையவில்லை. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குடம் சுமந்து வரப்பில் நடந்த எங்கள் அம்மாயி பார்த்திருந்தால் லேசாகத் தலையசைத்திருப்பாள், அவ்வளவுதான்.

அமெரிக்காவை விடுங்கள். நம் நாட்டு நீச்சல் வீராங்கனை நிஷா மில்லட் ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கிப் பிழைத்தவர். எங்கள் ஊரென்றால் அதோடு கிணற்றை எட்டிப் பார்க்கவும் விட்டிருக்க மாட்டார்கள். அவருடைய அப்பாவோ சென்னை ஷெனாய் நகரில் நீச்சல் பழக அழைத்துப்போனார். 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இந்தியப் பெண் அவர். 2000இல் சிட்னி ஒலிம்பிக்குக்கும் போனார். பயந்த பிள்ளையை அப்பா மறுபடி தண்ணீருக்குக் கொண்டுபோனாரே, அந்த மனது எத்தனை வீடுகளில் இருக்கிறது?

இப்போது அண்ணன் மகளுக்கு நீச்சல் பைத்தியம். பதினொரு வயது. பக்கத்து நகரத்தில் ஒரு குளத்தில் விசாரித்தோம். பெண்கள் நேரம் பகல் 11 முதல் 12 வரையாம், வார நாட்களில் மட்டும். "பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்படி வருவார்கள்?" என்றேன். "பெண் பிள்ளைகள் அதிகம் வருவதில்லை, அதனால்தான் அந்த நேரம்" என்றார் அங்கிருந்தவர். இந்தப் பதிலை நான்கு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

2025 மே மாதம் கேட்டி தன்னுடைய ஒன்பதாண்டுப் பழைய 800 மீட்டர் சாதனையைத் தானே உடைத்தார், 8 நிமிடம் 04.12 விநாடி. வயது 28. எனக்கு 28இல் இரண்டு பிள்ளைகள். புகுந்த வீட்டில் எனக்கு நீச்சல் தெரியும் என்பதே யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கிணற்றின் மேல் போட்டிருந்த கம்பி வலையை ஓர் ஓரமாக அண்ணனை வைத்தே அவிழ்க்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தான். சுடிதாரோடு நானும் அவளும் இறங்கினோம். முப்பத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு. முதல் முங்கிலேயே மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது, அதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். "அத்தை, நம் கிணறு பன்னிரண்டு மீட்டர். 1500 என்றால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் 125 தடவை." பதினெட்டு வரை வந்தாள். நான் ஒன்பது. அம்மா மேலே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை தப்பாக எண்ணினாள், இருவரும் நீரிலிருந்தே திருத்தினோம்.